ஸ்பெயின் ஆண்ட அமெரிக்கா ஏன் சிதறியது, பிரேசில் ஏன் சிதறவில்லை?

தென் அமெரிக்க வரைபடத்தை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடுத்தடுத்த நாடுகள். இரண்டும் கத்தோலிக்க முடியாட்சிகள். இரண்டும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அமெரிக்கக் கண்டத்தில் ஆண்டன. இரண்டின் பிடியும் 1808க்கும் 1826க்கும் இடையில் கழன்றது. அப்படியிருக்க, ஸ்பெயின் ஆண்ட நிலம் மெக்சிகோ தொடங்கி அர்ஜென்டினா வரை பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளாக உடைந்ததும், போர்ச்சுகல் ஆண்ட நிலம் ஒரே பிரேசிலாக நின்றதும் எப்படி? நெப்போலியன்தான் காரணம் என்று யாரோ சொன்னதைக் கேட்டீர்கள், அது எவ்வளவு தூரம் சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குள் சத்தமில்லாமல் ஓர் அனுமானமும் உட்கார்ந்திருக்கிறது. 1822இல் ஏற்கெனவே ஒரே பிரேசில் இருந்தது, அது உடையாமல் தப்பித்தது என்ற அனுமானம். அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும், ஏனென்றால் பதிலின் பாதி அதில்தான் இருக்கிறது.

கல்லூரியில் பல ஆண்டுகள் உலக வரலாறு நடத்தியவன் நான். இந்தக் காலகட்டம் எனக்கு மிகவும் பிடித்த பாடம். ஸ்பானிய மொழி மெதுவாகப் படிப்பேன், போர்ச்சுகீசிய மொழி தெரியாது. அதனால் பிரேசில் பக்கத்துக்கு ஆங்கிலத்தில் வந்த ஆய்வுகளைத்தான் நம்பி எழுதுகிறேன்.

நெப்போலியன் சொன்னபடி நடந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் தொடக்கம் அவர்தான். பிரிட்டனோடு எந்த ஐரோப்பிய நாடும் வாணிபம் செய்யக்கூடாது என்று 1806இல் அவர் தடை போட்டார். போர்ச்சுகலின் பிழைப்பே பிரிட்டனோடு செய்த கடல் வாணிபம். இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்ளாமல் நழுவப் பார்த்தது போர்ச்சுகல். 1807 அக்டோபரில் பிரான்சும் ஸ்பெயினும் போர்ச்சுகலைப் பங்கு போட்டுக்கொள்ள ரகசிய ஒப்பந்தம் செய்தன. ஜூனோ என்ற தளபதியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஸ்பெயின் வழியாக லிஸ்பனை நோக்கி நடந்தது. போர்ச்சுகலின் அரசி முதலாம் மரியா பல ஆண்டுகளாக மனநலம் குன்றியிருந்தார். அவர் மகன் ஜுவாவ்தான் இளவரசராக இருந்து ஆட்சியை நடத்தினார். தலைநகரையே பிரேசிலுக்கு மாற்றிவிடலாம் என்ற யோசனை லிஸ்பன் அரசவையில் முந்தைய நூற்றாண்டிலிருந்தே அவ்வப்போது எழுந்து அடங்கிய ஒன்று. இப்போது வேறு வழியில்லை. 1807 நவம்பர் 29 அன்று அரச குடும்பம், அமைச்சர்கள், நீதிபதிகள், கருவூலம், கோப்புகள் என்று அரசாங்கமே கப்பலேறியது. பிரிட்டிஷ் கடற்படை பாதுகாப்புக்கு வந்தது. மறுநாள் ஜூனோ லிஸ்பனுக்குள் நுழைந்தார்.

அந்தத் துறைமுகக் காட்சியை மனதில் கொண்டுவந்து பாருங்கள். மழை பெய்து கரையெல்லாம் சேறு. பெட்டிகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. எது எந்தக் கப்பலுக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. தேவாலயங்களிலிருந்து கொண்டுவந்த வெள்ளிப் பொருட்கள் வண்டிவண்டியாகக் கரையிலேயே நின்றுவிட்டன. அரச நூலகத்தின் புத்தகப் பெட்டிகளும் சேற்றில் விடப்பட்டன. அந்தப் புத்தகங்கள் பிறகு தவணை தவணையாக ரியோ டி ஜெனீரோவுக்கு வந்து சேர்ந்தன. இன்றைய பிரேசில் தேசிய நூலகத்தின் அடித்தளம் அவைதான். கப்பலேறியவர்கள் 10,000 முதல் 15,000 பேர் என்று பாடப்புத்தகங்களில் இருக்கும். இந்த எண்ணை நம்பி எழுத நான் தயங்குவேன். பயணிகள் பதிவுகளைத் தேடிப் பார்த்த ஆய்வாளர்கள் சிலர், உண்மையான எண்ணிக்கை அதைவிட மிகவும் குறைவு என்கிறார்கள். கப்பல் மாலுமிகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்களா இல்லையா என்பதைப் பொறுத்தும் எண் மாறுகிறது. ஆனால் எத்தனை பேர் போனார்கள் என்பதைவிட யார் போனார்கள் என்பதுதான் நம் கேள்விக்கு முக்கியம். கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ளவர்களில் பெரும்பாலோர் போனார்கள்.

இப்போது பக்கத்து நாட்டைப் பாருங்கள். அதே பிரெஞ்சுப் படை, கூட்டாளி என்று உள்ளே வந்த ஸ்பெயினிலேயே தங்கிவிட்டது. 1808 மார்ச்சில் அரண்மனைக் கலகத்தில் நான்காம் கார்லோஸ் பதவி இழந்தார், மகன் ஏழாம் ஃபெர்டினாண்ட் அரசரானார். மே மாதம் நெப்போலியன் அப்பா, பிள்ளை இருவரையும் பிரான்சின் எல்லையோர நகரமான பயோனுக்கு வரவழைத்து, இருவரிடமிருந்தும் முடியை எழுதி வாங்கிக்கொண்டு, தன் அண்ணன் ஜோசப்பை ஸ்பெயினின் அரசராக்கினார். ஃபெர்டினாண்ட் 1814 வரை பிரான்சில் காவலில் இருந்தார். ஆக, ஆறே மாத இடைவெளியில் ஒரு நாட்டின் அரசவை முழுதாக அமெரிக்காவுக்குப் போனது, இன்னொரு நாட்டின் அரசர் சிறைப்பட்டார். இவ்வளவும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது என்பதிலும் ஆய்வாளர்களிடையே பெரிய சண்டை இல்லை.

அரசர் இல்லாவிட்டால் என்ன, ஆளுநர்கள் இருக்கிறார்களே என்று தோன்றலாம். அங்கேதான் ஸ்பானிய சட்ட மரபு குறுக்கே வந்தது. அமெரிக்க நிலங்கள் ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமானவை என்று யாரும் அங்கே கருதவில்லை. அவை முடிக்குச் சொந்தமானவை. அரசருக்கும் ஒவ்வொரு ராஜ்ஜியத்துக்கும் நேரடி உறவு. அந்த அரசர் இல்லாமல் போனால் ஆளும் உரிமை மக்களிடம் திரும்புகிறது என்று வக்கீல்களும் பாதிரியார்களும் வாதிட்டார்கள். இந்த வாதத்தை ஸ்பெயினின் நகரங்களே முதலில் சொல்லி, தங்களுக்கென ஆட்சிக்குழுக்களை அமைத்துக்கொண்டன. ஸ்பெயினின் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1810 தொடக்கத்தில் மத்திய ஆட்சிக்குழுவும் கலைந்துவிட்டது. அந்தச் செய்தி கடல் தாண்டி வந்ததும் அமெரிக்க நகரங்கள் அதே வாதத்தைக் கையில் எடுத்தன. 1810 ஏப்ரல் 19 இன்றைய வெனிசுவேலாவின் கராகஸ், மே 25 அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ், ஜூலை 20 கொலம்பியாவின் பொகோட்டா, செப்டம்பர் 18 சிலியின் சாந்தியாகோ. ஒரே ஆண்டில், ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தள்ளி. எல்லாமே ஃபெர்டினாண்ட் பெயரைச் சொல்லித்தான் ஆட்சியை எடுத்துக்கொண்டன. அது எவ்வளவு உண்மையான விசுவாசம், எவ்வளவு முகமூடி என்பது ஆளுக்கு ஆள் மாறும். பொதுவாக ஒரு தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

மக்களிடம் உரிமை திரும்புகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி, எந்த ஊர் மக்களிடம்? கராகஸ் தன் உரிமையைச் சொன்னால் அதே வெனிசுவேலாவின் மரகாய்போவும் கோரோவும் எங்களுக்கும் அதே உரிமை உண்டு, உங்களுக்கு நாங்கள் ஏன் அடங்க வேண்டும் என்றன. புவெனஸ் அயர்ஸ் தன் வைஸ்ராய் ஆட்சிப்பகுதி முழுவதும் தனக்கே என்று நினைத்தது. ஆனால் இன்றைய உருகுவேயின் மான்டெவிடியோ ஒத்துக்கொள்ளவில்லை, பராகுவேயின் அசுன்சியோன் ஒத்துக்கொள்ளவில்லை. பராகுவேயை வழிக்குக் கொண்டுவரப் போன புவெனஸ் அயர்ஸ் தளபதி பெல்கிரானோவின் படை 1811இல் தோற்றுத் திரும்பியது. பராகுவே அதோடு தனி வழி போனது. பொகோட்டாவைச் சுற்றி இன்னும் மோசம். கார்டஹேனா, துன்ஹா போன்ற ஊர்கள் தனித்தனி அரசியலமைப்பு எழுதிக்கொண்டு தங்களுக்குள்ளேயே சண்டை போட்டன. பதினைந்து நாடுகளாக உடைந்ததைப் பார்த்து நாம் வியக்கிறோம். அந்த 1811, 1812இல் வாழ்ந்த ஒருவருக்கு ஐம்பது துண்டுகளாகப் போகாமல் பதினைந்தோடு நின்றதே வியப்பாக இருந்திருக்கும். அப்படி நின்றதற்கு ஒரு காரணம், பழைய உயர் நீதிமன்ற எல்லைகள். ஸ்பானிய ஆட்சியில் இந்த நீதிமன்றங்கள் வழக்குகளோடு நிர்வாகத்தையும் மேற்பார்வை செய்தன. வழக்கு, சொத்து, வரி என்று மக்கள் எந்த ஊருக்கு நடந்து பழகினார்களோ அந்த ஊரே பெரும்பாலும் புதிய தலைநகர் ஆயிற்று. கீட்டோ, சாந்தியாகோ, இன்றைய பொலிவியாவின் சூக்ரே எல்லாம் அப்படி வந்தவை.

அப்புறம் போர். 1814இல் ஃபெர்டினாண்ட் திரும்பி வந்தார். அவர் இல்லாத காலத்தில் காடிஸ் நகரில் கூடிய பிரதிநிதிகள் 1812இல் எழுதிய அரசியலமைப்பை ரத்து செய்தார். 1815இல் மொரியோ என்ற தளபதியின் கீழ் பத்தாயிரம் பேர் கொண்ட படையை வெனிசுவேலாவுக்கு அனுப்பினார். சமரசத்துக்கு இருந்த கதவு அத்தோடு மூடியது. விடுதலைப் படைத் தலைவர்களான பொலிவார் வடக்கிலிருந்தும் சான் மார்ட்டின் தெற்கிலிருந்தும் நடத்திய போர்கள் 1824 டிசம்பரில் பெருவின் அயகுச்சோ போரோடுதான் முடிவுக்கு வந்தன. பதினைந்து ஆண்டுகள் போர் நடந்தால் என்ன மிஞ்சும்? ஊருக்கு ஊர் ஒரு தளபதி மிஞ்சுவார். வெனிசுவேலாவில் பாயெஸ், ஈக்வடாரில் ஃப்ளோரெஸ், பொலிவியாவில் சாந்தா குரூஸ். படையும் மண்ணும் அவர்கள் கையில். கருவூலம் காலி. பொலிவார் ஒன்றுசேர்த்து உருவாக்கிய பெரிய கொலம்பியா 1830இல் அவர் கண்முன்னாலேயே மூன்றாகப் பிரிந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1826இல், பனாமாவில் அவர் கூட்டிய மாநாட்டுக்கு அர்ஜென்டினாவும் சிலியும் பிரதிநிதிகளை அனுப்பவே இல்லை. ஒற்றுமைக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அதை நடத்திக் காட்டும் அலுவலகமும் வரியும் சாலையும்தான் இல்லை.

சரி, ரியோவுக்கு வருவோம். 1808 மார்ச்சில் ஜுவாவ் அங்கே வந்து இறங்கினார். அதற்கு முன்பே, ஜனவரி 28 அன்று பிரேசிலின் வடகிழக்குத் துறைமுகமான சால்வடாரில் இருந்தபோது, பிரேசிலின் துறைமுகங்களை நட்பு நாடுகளுக்குத் திறந்துவிட ஆணையிட்டிருந்தார். முந்நூறு ஆண்டுகளாகப் பெரும்பாலும் லிஸ்பன் வழியாக நடந்த வாணிபம் ஒரே கையெழுத்தில் மாறியது. நட்பு நாடு என்றால் அந்த நேரத்தில் பிரிட்டன்தான். 1810 ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் சரக்குக்கு 15 சதவீதம் சுங்கம், போர்ச்சுகலின் சொந்தச் சரக்குக்கே 16 சதவீதம் என்ற விசித்திரமும் நடந்தது. கப்பல்களைக் காத்துக் கொண்டுவந்ததற்குப் பிரிட்டன் வாங்கிய கூலி அது.

அதுவரை பிரேசிலில் ஓர் அச்சகம் நடத்தவே அனுமதி இல்லை. யாராவது தொடங்கினால் லிஸ்பன் மூடவைத்தது. ஸ்பானிய அமெரிக்காவில் மெக்சிகோவும் லிமாவும் பதினாறாம் நூற்றாண்டிலேயே அச்சகம் கண்டவை என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். 1808 மே மாதம் அரச அச்சகம் வந்தது, செப்டம்பரில் ரியோவின் முதல் செய்தித்தாள் வந்தது. வங்கி, தாவரவியல் தோட்டம், மருத்துவப் பள்ளிகள், படைக்கலப் பள்ளி எல்லாம் அடுத்தடுத்து. தேயிலை பயிரிட மக்காவ் வழியாகச் சீனத் தொழிலாளர்களைக்கூட வரவழைத்தார்கள். வந்தவர்களுக்கு வீடு வேண்டுமே. நல்ல வீடுகளின் கதவில் இளவரசரின் பதவியைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளை எழுதிவிடுவார்கள். எழுதியாயிற்று என்றால் வீட்டுக்காரர் காலி செய்ய வேண்டியதுதான். ஊர்க்காரர்களுக்கு ஆத்திரம் இருந்தது. ஆனால் மேல்முறையீடு, நியமனம், பட்டம், கடன் எதுவானாலும் இனி கடல் தாண்ட வேண்டியதில்லை, ரியோ போதும் என்ற பழக்கமும் வந்தது. 1815இல் பிரேசிலைப் போர்ச்சுகலுக்குச் சமமான ராஜ்ஜியமாக அறிவித்தபோது அந்தப் பழக்கத்துக்குச் சட்ட வடிவம் கிடைத்தது. ஸ்பானிய அமெரிக்காவில் எந்த நகரத்துக்கும் இப்படி ஒரு வாய்ப்பு அமையவில்லை.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும்: அரசர் வந்தார், நாடு ஒன்றானது. பல புத்தகங்கள் அப்படித்தான் நிறுத்துகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வடக்கில் இருந்தவர்களுக்கு ரியோ இன்னொரு லிஸ்பனாகத்தான் தெரிந்தது. ரியோவின் தெருவிளக்குக்கென்று வடகிழக்கு மாகாணமான பெர்னம்புகோவில் வரி வசூலித்தார்கள், அதே நேரத்தில் பெர்னம்புகோவின் ரெசிஃபே நகரத் தெருக்கள் இருட்டில் கிடந்தன. 1817இல் பெர்னம்புகோ கிளர்ந்து குடியரசு அறிவித்தது. இரண்டரை மாதத்தில் அதை நசுக்கினார்கள். அமேசான் முகத்துவாரத்தில் இருக்கும் பெலேம் நகரத்திலிருந்து பாய்க்கப்பலில் ரியோவுக்குப் போவதைவிட லிஸ்பனுக்குப் போவது எளிது. காற்றும் கடல் நீரோட்டமும் அப்படி. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை அந்த வடபகுதி நிர்வாகத்திலும் தனி மாகாணமாக லிஸ்பனின் நேரடிப் பார்வையில்தான் இருந்தது. அந்த மக்களிடம் 1820இல் போய் நீங்கள் யார் என்று கேட்டிருந்தால் பிரேசில்காரர் என்ற பதில் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

1820இல் போர்ச்சுகலில் புரட்சி. புதிதாகக் கூடிய பிரதிநிதிகள் சபை அரசரைத் திரும்பி வரச் சொன்னது. அம்மா இறந்தபின் ஆறாம் ஜுவாவ் என்று முடிசூடியிருந்த அவர் 1821 ஏப்ரலில், மகன் பெட்ரோவை ரியோவில் விட்டுவிட்டுக் கிளம்பினார். பிரேசில் பிரிந்துதான் தீரும் என்றால் யாரோ ஒருவன் கைக்குப் போவதற்குமுன் நீயே எடுத்துக்கொள் என்ற பொருளில் மகனிடம் சொல்லிவிட்டுப் போனார் என்பார்கள். இது பெட்ரோ பிறகு அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்திய பேச்சு. அதனால் முழுவதும் அப்பா சொன்னதா, மகனுக்கு வசதியான நினைவா என்று எனக்கு ஐயம் உண்டு. லிஸ்பன் சபை பிரேசிலின் மாகாணங்கள் ஒவ்வொன்றும் இனி தனக்கே நேரடியாகக் கட்டுப்பட வேண்டும், பெட்ரோவும் திரும்ப வேண்டும் என்றது. ரியோவின் அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் இது வயிற்றில் அடிப்பது. பதின்மூன்று ஆண்டுகளில் வளர்ந்த தலைநகர் ஒரே ஆணையில் வெறும் துறைமுகமாகிவிடும். 1822 ஜனவரி 9 அன்று நான் இங்கேயே இருக்கிறேன் என்று பெட்ரோ அறிவித்தார். செப்டம்பர் 7 அன்று சாவ் பாவ்லோவுக்கு அருகே இப்பிரங்கா ஓடைக்கரையில் விடுதலை என்றார். பிற்கால ஓவியத்தில் அவர் கம்பீரமான குதிரைமேல் இருப்பார். அந்த மலைப்பாதையில் அவர் வந்தது கோவேறு கழுதையில்தான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இதன்பிறகு நடந்ததைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். சால்வடாரில் போர்ச்சுகீசியப் படை 1823 ஜூலை 2 வரை அசையவில்லை. பாஹியா மாகாணத்தில் இன்றும் அந்த நாள்தான் பெரிய கொண்டாட்டம். வடக்கே மரன்யாவும், பெலேம் நகரம் இருக்கும் பாராவும் ஆகிய மாகாணங்கள் லிஸ்பன் பக்கமே நின்றன. அவற்றைச் சேர்க்க பெட்ரோ கூலிக்கு அமர்த்தியது காக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக் கடற்படைத் தளபதியை. சிலிக்காகப் பசிபிக் கடலில் ஸ்பெயினோடு போரிட்டுவிட்டு வந்தவர் அவர். ஒரே கப்பலோடு மரன்யாவ் துறைமுகத்துக்குள் போய், பின்னால் பெரிய கடற்படை வந்துகொண்டிருக்கிறது என்று நம்பவைத்து ஊரைச் சரணடைய வைத்தார். அவர் அனுப்பிய கிரென்ஃபெல் என்ற அதிகாரி பெலேமிலும் அதே தந்திரத்தைச் செய்தார். அங்கே அக்டோபரில் நடந்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கலகம் செய்தார்கள் என்று பிடித்த ஏறத்தாழ 250 பேரை ஒரு சிறு கப்பலின் அடித்தளத்தில் போட்டு அடைத்தார்கள். வெக்கையிலும் காற்றில்லாமலும் ஒரே இரவில் அவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் செத்தார்கள். போர்ச்சுகல் பிரேசிலின் விடுதலையை 1825இல் அங்கீகரித்தது, அதற்கு விலை 20 லட்சம் பவுண்டு. போர்ச்சுகல் லண்டனில் வாங்கியிருந்த கடனைப் பிரேசில் தன் தலையில் ஏற்றுக்கொண்டதும் அதில் அடக்கம். ரத்தமே சிந்தாமல் கிடைத்த விடுதலை என்று பிரேசிலைப் பற்றி எங்காவது படித்தால் இந்த வடக்கத்தி மாகாணங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அரசர் இருந்தார் என்பது பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி எது? என் தீர்ப்பு, அடிமை முறை. 1819 வாக்கில் பிரேசிலில் ஏறத்தாழ 36 லட்சம் மக்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அவர்களில் சுமார் 11 லட்சம் பேர் அடிமைகள். ரியோ நகரத்தில் மட்டும் 1821 கணக்கெடுப்பின்படி கிட்டத்தட்ட பாதிப்பேர். நான் மேலே சொன்ன அச்சகமும் தாவரவியல் தோட்டமும் வந்த அதே ஆண்டுகளில்தான், 1811இல், அடிமைகளை இறக்குவதற்கென்று வலோங்கோ என்ற கல் துறையையும் ரியோவில் கட்டினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பல லட்சம் பேர் ரியோவின் அந்தப் பகுதி வழியாக இறங்கினார்கள். அதன் கற்கள் துறைமுகச் சீரமைப்பின்போது 2011இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன, 2017இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கரும்பு, காப்பி, பருத்தித் தோட்டக்காரர்கள் வடக்கிலும் தெற்கிலும் வெவ்வேறு ஆட்கள், அவர்களுக்குள் ஒத்துப்போகாத விஷயங்கள் நூறு. ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பயம். ஹைட்டியில் 1791இல் அடிமைகள் எழுந்து, நெப்போலியன் படையையும் தோற்கடித்து, 1804இல் தனி நாடு கண்டதை அவர்கள் மறக்கவில்லை. ஸ்பானியப் பக்கம் போல இரண்டு தரப்பும் பதினைந்து ஆண்டுகள் அடித்துக்கொண்டால் என்ன ஆகும்? இரண்டு தரப்பும் அடிமைகளுக்கு விடுதலை தருகிறேன் என்று சொல்லிப் படைக்குச் சேர்க்கும். அங்கே அதுதான் நடந்தது. 1816இல் பொலிவாருக்கு ஆயுதமும் கப்பலும் கொடுத்தது ஹைட்டியின் அதிபர் பெத்தியோன். அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. பிரேசில் தோட்டக்காரர்களுக்கு அந்த வழியே வேண்டாம். அரியணையில் ஒருவரை வைத்து, அதிகாரிகள் படை எதையும் கலைக்காமல், ஒரே அரசாக இருப்பதுதான் பாதுகாப்பு.

இதை நான் உறுதியான உண்மை என்று சொல்லவில்லை, வலுவான விளக்கம் என்கிறேன். எதிர்வாதமும் இருக்கிறது. கியூபாவும் இதே பயத்தில்தான் இருந்தது, அது விடுதலையே கேட்காமல் ஸ்பெயினோடு ஒட்டிக்கொண்டது. ஆகவே பயம் மட்டும் ஒரு நாட்டைச் செய்துவிடாது, பயந்தவர்கள் ஒதுங்குவதற்கு ரியோ போன்ற ஓர் இடமும் வேண்டும் என்பார்கள். நியாயமான வாதம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன என்று நானும் கருதுகிறேன்.

படிப்பு ஒரு காரணம் என்று வலியுறுத்துபவர்களும் உண்டு. போர்ச்சுகல் பிரேசிலில் ஒரு பல்கலைக்கழகம்கூடத் திறக்கவில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் பாராவிலிருந்து வந்தாலும் சாவ் பாவ்லோவிலிருந்து வந்தாலும் போர்ச்சுகலின் கோயிம்ப்ராவில்தான் சட்டம் படித்தார்கள். ஒரே விடுதி, ஒரே ஆசிரியர்கள், ஒரே மாதிரி அரசு வேலை. பெட்ரோவின் முதன்மை ஆலோசகர் ஜோசே போனிஃபாசியோ அங்கே படித்ததோடு பேராசிரியராகவும் இருந்தவர். ஸ்பானிய அமெரிக்காவிலோ லிமா, மெக்சிகோ, கோர்தோபா என்று அந்தந்தப் பகுதிக்கு அதன் பல்கலைக்கழகம். இது மேல்தட்டின் பேச்சு ஏன் ஒத்துப்போனது என்பதை அழகாக விளக்குகிறது. ஆனால் பெர்னம்புகோவில் கிளர்ந்தவர்களிலும் படித்தவர்கள் நிறைய இருந்தார்களே என்று கேட்டால் இந்த விளக்கம் கொஞ்சம் தள்ளாடும். துணைக்காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டிஸ் மலை பிரித்தது, பிரேசில் சமவெளி சேர்த்தது என்ற பூகோள விளக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரியோவுக்கும் பெலேமுக்கும் நடுவில் இருந்த காட்டையும் கடலையும் மேலே பார்த்தோம்.

1822இல் நின்ற நாடு அதன்பிறகும் பலமுறை உடையப் பார்த்தது. 1824இல் பெர்னம்புகோ மறுபடி கிளர்ந்து பக்கத்து மாகாணங்களோடு தனிக் கூட்டமைப்பு அறிவித்தது. அதன் தலைவர்களில் ஒருவரான ஃப்ரேய் கனேகா என்ற துறவியை அடுத்த ஜனவரியில் கொன்றார்கள். தூக்கு மாட்ட ஆள் கிடைக்காமல் சுட வேண்டியிருந்தது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. தெற்கில் உருகுவே உண்மையாகவே பிரிந்தது. அது அப்போது பிரேசிலின் ஒரு மாகாணம், 1825 முதல் மூன்று ஆண்டுப் போருக்குப் பின் 1828இல் தனி நாடு. ஆக, பிரேசில் உடையவே இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 1831இல் பெட்ரோ முடியைத் துறந்து ஐரோப்பா போனார். விட்டுப்போன மகனுக்கு வயது ஐந்து. அடுத்த பத்து ஆண்டுகள்தான் உண்மையான சோதனை. 1835இல் பாராவில் ஏழைகளும் பழங்குடிகளும் கறுப்பர்களும் எழுந்து பெலேமைப் பிடித்தார்கள். அதை அடக்கியதில் செத்தவர்கள் 30,000க்கும் மேல் என்று பொதுவாகச் சொல்வார்கள். மதிப்பீடுதான், எண்ணிய கணக்கு இல்லை. அதே ஆண்டு சால்வடாரில் முஸ்லிம் அடிமைகள் கிளர்ந்தார்கள். தெற்கே ரியோ கிராண்டேவில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் தனிக் குடியரசு அறிவித்துப் பத்து ஆண்டுகள் தாக்குப் பிடித்தார்கள். பாஹியாவிலும் மரன்யாவிலும் கலகங்கள். இந்த அமளியில் மேல்தட்டு கண்ட மருந்து, 1840இல் பதினான்கு வயதுப் பையனுக்கு வயது வந்துவிட்டது என்று அறிவித்து இரண்டாம் பெட்ரோவை அரியணையில் உட்காரவைத்ததுதான். 1845இல் தெற்கத்திக் குடியரசோடு சமாதானம் ஆன பிறகு, இந்த நாடு இனி உடையாது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். நீங்கள் 1822 என்று நினைத்துக் கேட்ட ஒற்றுமைக்கு நான் போடும் தேதி அதுதான்.

அந்த ஒற்றுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள். சிதறிப்போன பக்கத்தில் சிலி 1823இல், மத்திய அமெரிக்கா 1824இல், மெக்சிகோ 1829இல் அடிமை முறையை ஒழித்தன. மற்றவை பெரும்பாலும் 1850களில். சேர்ந்திருந்த பிரேசிலில் 1888 மே 13 வரை அடிமை முறை இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலேயே கடைசி நாடு அதுதான். ஒழித்த அடுத்த ஆண்டே முடியாட்சியும் போனது. தோட்டக்காரர்களுக்கு அந்த அரியணையின் தேவை தீர்ந்துவிட்டது என்று நான் வாசிக்கிறேன், வேறு விதமாக வாசிப்பவர்களும் இருக்கிறார்கள்.

கடைசியாக, ஸ்பெயின் அரசரும் அமெரிக்காவுக்கு ஓடிவந்திருந்தால் அங்கேயும் ஒரே நாடு ஆகியிருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். வெறும் கற்பனை என்று தள்ள வேண்டியதில்லை, கிட்டத்தட்ட நடக்க இருந்தது. 1808 மார்ச்சில் அமைச்சர் கொதோய் அரச குடும்பத்தைத் தெற்கே நகர்த்தி, தேவைப்பட்டால் கடல் தாண்டவும் தயாரானார். அந்த வதந்தி பரவித்தான் அரன்ஹூயெஸ் ஊரில் கலகம் வெடித்தது, அரசர் பதவி போனது. ஓடாமல் தடுத்தது மக்களே. ஒருவேளை வந்திருந்தாலும், மெக்சிகோவில் உட்கார்ந்த அரசர் புவெனஸ் அயர்ஸை எப்படிப் பிடித்து வைத்திருப்பார் என்று எனக்குப் புரியவில்லை. கிடைக்கக்கூடியது மூன்று, நான்கு பெரிய ராஜ்ஜியங்கள். அரசர் வேண்டும் என்று அங்கே தேடியவர்களும் உண்டு. 1816இல் பெல்கிரானோ இன்கா வம்சத்தில் ஒருவரை முடிசூட்டலாம் என்றார், 1821இல் சான் மார்ட்டின் பெருவுக்கு ஒரு ஸ்பானிய இளவரசரைக் கேட்டார். மெக்சிகோவும் 1821இல் ஃபெர்டினாண்டையோ அவர் குடும்பத்தில் ஒருவரையோ வரச் சொன்னது. ஸ்பெயின் மறுத்தது. இதுர்பிதே என்ற தளபதி தானே பேரரசர் ஆனார். மத்திய அமெரிக்காவும் அவரோடு சேர்ந்தது. பத்து மாதத்தில் அவர் விழுந்தார், மத்திய அமெரிக்கா 1823இலேயே கழன்றுகொண்டது. அதைப் பார்க்கும்போது, முடி மட்டும் போதாது, அந்த முடிக்குப் பின்னால் பதின்மூன்று ஆண்டுகள் ஓடிய ஓர் அரசாங்கமும் அது கலையக்கூடாது என்று நினைத்த பணக்காரர்களும் வேண்டியிருந்தது என்றே எனக்குப் படுகிறது. மெக்சிகோவில் அந்த முதலாவது அமையவே இல்லை.